கப்பல் விறகு

டவுன் கிளினிக்கில் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "என்னா தண்ணி போடுற?" என்பதுதான். தண்ணி போடுவாயா என்றுகூடக் கேட்கவில்லை, நேரே ரகத்துக்குப் போய்விட்டார்கள். கேட்டவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. முகம் வெளுத்து, வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, கோப்பிக் குவளையைத் தூக்கினால் மணிக்கட்டு தொங்கிப்போகிற ஒருவன் வந்து நின்றால் யாருக்கும் அந்த நினைப்புத்தான் வரும். ஆனால் நான் கல்யாணத்தோடு கள்ளையும் சம்சுச் சாராயத்தையும் விட்டவன். பக்தியால் விடவில்லை, பாக்கியத்துக்குப் பயந்து விட்டேன். பாக்கியம் என் மனைவி.

இதை எழுதச் சொன்னவன் அவள் தம்பி சேகர். நான் கப்பல் வெட்டிய இடத்தில் அவன் இன்னும் வேலை செய்கிறான். அங்கே புதிதாக வருகிற ஆட்கள் வயிற்றுவலி என்றால் காற்று என்கிறார்கள், சூடு என்கிறார்கள், இஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறி வெட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறேன் என்று சேகருக்கும் குறை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம். எழுபதுகளில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேருக்கு வேலை போயிற்று. லயத்து வரிசை வீட்டில் மட்டும் இருந்துகொள்ளுங்கள் என்று விட்டுவைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆற்று முகத்தில் ஒரு சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், பழைய கப்பல்களை வாங்கி உடைக்க ஆரம்பித்தார். பெரிய கப்பல்கள் இல்லை, கரையோரமாகச் சரக்கு ஏற்றி ஏற்றிக் கிழடாகிப்போனவை. கடல் வெள்ளம் ஏறும் நேரம் பார்த்துக் கப்பலைச் சேற்றில் ஏற்றி நிறுத்திவிடுவார்கள். பிறகு நாங்கள் கேஸ் கட்டரோடு ஏறி, தகடு தகடாக வெட்டி இறக்குவோம். பால்மரம் வெட்டிய கைக்கு இரும்பு வெட்டுவது பிடிபடக் கொஞ்சநாள் ஆனது. பிடிபட்டபிறகு நன்றாகவே வெட்டினேன்.

கப்பலில் இரும்புக்கு அடுத்து மரம்தான் அதிகம். அறைத் தடுப்பு, கட்டில், அலமாரி, கதவு, எல்லாம் பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் அடித்துக் கனத்துப்போனவை. தவுக்கே நல்ல தேக்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை எங்களுக்கு விட்டுவிடுவார். தோட்டத்து ஆளுக்கு விறகு என்பது பாத்தியதை. ரப்பர் மரம் சாய்க்கும்போது கிளையெல்லாம் எங்களுக்குத்தான், காசு கொடுத்து விறகு வாங்கிய குடும்பம் எங்கள் லயத்தில் கிடையாது. அதனால் கப்பல் பலகை கிடைத்ததும் சந்தோஷமாகச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மழையில் நனைந்தாலும் சட்டென்று பற்றிக்கொள்ளும். சமையலும் அதில்தான், குளிக்க வெந்நீரும் அதில்தான். காலையில் அடுப்பிலிருந்து ஒரு துண்டு கரியை எடுத்து நுணுக்கிப் பல் துலக்குவோம். லயத்தில் பிறந்த யாருக்கும் அது தனியாகச் சொல்லித்தர வேண்டிய பழக்கம் இல்லை.

முதலில் வாயில் ஒரு ருசி வந்தது, காசைச் சப்பின மாதிரி. சோறு இறங்கவில்லை, மலம் கட்டிக்கொண்டது. அதன்பிறகு வலி. வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். பிழிந்து முடித்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும். கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்தார்கள், மறுபடி போனேன், மறுபடி அதே மாத்திரை. ஒருநாள் கப்பலின் மேல்தட்டில் வெட்டிக்கொண்டிருந்தபோது கட்டர் பிடித்திருந்த வலது கை தானாக மடங்கித் தொங்கியது. நெருப்பு என் காலுக்குப் பக்கத்தில் தகட்டில் விழுந்து சீறியது. சேகர் ஓடிவந்து கேஸை மூடினான்.

"எறங்குங்க மச்சான். இது கேஸ்ட்ரிக் இல்ல," என்றான்.

தவுக்கே தன் மோட்டார் காடியிலேயே என்னைத் தெலுக் அன்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீட்டு அழுக்காகுமே என்று ஒரு பழைய பேப்பரை விரித்துவிட்டுத்தான் ஏறச் சொன்னார், ஆனாலும் கொண்டுபோனார். அங்கிருந்து ஆம்புலன்சில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாக்கியத்துக்கு அப்போது ஆறு மாதம். கல்யாணமாகி இரண்டு தடவை தங்காமல் போனபிறகு தங்கிய பிள்ளை அது. நான் ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு, நான் செத்துப்போனாலும் இந்தப் பிள்ளையாவது பத்திரமாக வரவேண்டும் என்று மாரியம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் காதர் பாய் இருந்தார். ஆயர் தாவாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரிச் சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் தன் கடை மீன்கறியைப் பற்றி வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசுவார். கேட்கிறவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும், எனக்குக் குமட்டும். குடல் அடைத்திருக்கலாம், அல்லது குடல்வால் வீங்கியிருக்கலாம், தேவைப்பட்டால் அறுப்போம் என்று பெரிய டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கப்பலையே வெட்டுகிற ஆளுக்கு ஒரு சின்னக் கத்திக்குப் பயமா என்று காதர் பாய் சிரித்தார். பயம்தான். கப்பல் செத்த கப்பல், நான் உயிரோடு இருக்கிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியில் நோயைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. எக்ஸ்ரே எடுக்க ஒரு பெஞ்சில், ரத்தம் கொடுக்க இன்னொரு பெஞ்சில். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, நம்மைவிட மோசமா தேவலையா என்று கணக்குப் போடுவது. நானும் எல்லாரையும் அப்படிப் பார்த்தேன், எல்லாரும் என்னையும் பார்த்தார்கள். பாக்கியம் பஸ் மாறி மாறி வயிற்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். நடுவில் பஸ்ஸில் வாந்தி எடுத்ததைச் சொல்லமாட்டாள், முகம் காட்டிக்கொடுத்துவிடும். தினம் வராதே என்று திட்டுவேன். வராத நாளில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் ரொஹானி, மலாய்க்காரப் பெண், கண்ணாடி போட்டவர். வந்ததும் "சாக்கிட் லாகி?" என்பார், இன்னும் வலிக்கிறதா என்று. பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்பார், அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. என் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் சிவப்பு அணுக்களுக்குள் புள்ளிபுள்ளியாக நீலம் தெரிகிறது என்றார். அது ஏன் என்று யோசிக்கிறேன், அதுவரை கத்தி வேண்டாம் என்று பெரிய டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். அன்று முதல் அவர் எனக்குக் குலதெய்வம்.

ஒரு காலை என் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருமிடத்தில் கருநீலமாக ஒரு கோடு ஓடியது. இது என்ன என்றார். கரியில் பல் துலக்குகிறவன் டாக்டர், அந்தக் கறைதான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், எனக்கு ஒரு பல்லும் சொத்தை கிடையாது. அவர் கேட்டுவிட்டு நகராமல் அங்கேயே நின்றார். மிஸ்ஸியிடம், தாதியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், இவருக்குக் கரி வேண்டாம், பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வைத்துத் துலக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் பிரஷ் இல்லை. காதர் பாய் தன் மகன் வாங்கிவந்த புது பிரஷ்ஷை உறையோடு நீட்டினார்.

"தேய்ங்க தம்பி. கல்யாண மாப்புள மாதிரி ஆயிருவீங்க," என்றார்.

ஈறில் ரத்தம் வரத் தேய்த்தேன். பல் வெளுத்தது, கோடு அப்படியே இருந்தது. மறுபடி வந்து பார்த்த டாக்டர், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சேர்க்கும்போதே அதைக் கேட்டார்கள்தான். நான் தோட்டம் என்று சொல்லியிருந்தேன். பால் வெட்டி எத்தனையோ வருஷமாகியும், யார் கேட்டாலும் வாயில் அதுதான் வரும், எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். இப்போது, கப்பல் வெட்டுகிறேன் என்றேன். எதனால் வெட்டுகிறாய், தகட்டில் பெயிண்ட் இருக்குமா, சுரண்டிவிட்டு வெட்டுவாயா பெயிண்டோடு வெட்டுவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயிண்டோடுதான், புகை மஞ்சளாக வரும், மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வோம் என்றேன். அவர் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ரத்தம் கோலாலம்பூருக்குப் போய், சந்தேகம் சரியென்று பதில் வந்தது. என் உடம்பில் ஈயம் ஏறியிருந்தது. ஈப்போக்காரர்களுக்கு ஈயம் என்றால் லம்பச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கிற வெள்ளீயம் நினைவுக்கு வரும். இது அதில்லை, காரீயம். மீன் வலையில் குண்டாகக் கட்டுவோமே, அது. இரும்பு துருப்பிடிக்காமலிருக்கக் கப்பலுக்கு முதல் பூச்சாக அடிக்கிற ஆரஞ்சுச் சிவப்புப் பெயிண்டில் அது நிறைய உண்டு. நெருப்பு பட்டதும் புகையாகி மூச்சில் போகும், தூசியாகி விரலில் ஒட்டி வாய்க்குப் போகும். ரத்தத்தை வெளுக்கவைக்கும், குடலை முறுக்கும், கையைத் தூக்கும் நரம்பைச் சோரவைக்கும். மீதி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து உண்டா என்றேன். உண்டு, ட்ரிப்பில் ஏற்றினால் ஈயத்தைப் பிடித்து மூத்திரத்தில் வெளியே இழுத்துவரும் என்றார். எனக்கு உயிர் வந்தது. குடிகாரனும் இல்லை, புற்றும் இல்லை, கத்தியும் இல்லை.

மாலையில் பாக்கியம் வந்ததும் பெரிய செய்தியாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊருல எல்லாரும் சோத்தத் திம்பாங்க. எங்க வூட்டுக்காரரு கப்பலத் தின்னிருக்காரு," என்றாள். காதர் பாய்க்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. என் நோய்க்கு அன்றிலிருந்து அவள் வைத்த பெயர் அதுதான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டர் ரொஹானி வந்தார். பாக்கியத்தின் வயிற்றைப் பார்த்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். என் வேலைத்துணியை யார் துவைக்கிறார்கள் என்றார். பாக்கியம்தான், உதறிவிட்டுத் துவைப்பாள். எதில் சமைக்கிறீர்கள் என்றார். விறகில். என்ன விறகு? அந்தப் பலகையிலும் அதே பெயிண்ட்தான் என்று எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. பாக்கியம்தான் சொன்னாள், கப்பல் பலகை, இவர் கொண்டுவருவார், நல்லா எரியும் என்று. நீயும் அந்தக் கரியில்தான் பல் துலக்குகிறாயா என்று டாக்டர் கேட்டார். அவள் தலையாட்டினாள். சிரித்த முகத்தோடு இருந்தவளின் உதட்டை டாக்டர் மெல்லத் தூக்கிப் பார்த்ததை என்னால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோடு தெளிவாக இல்லை, இருந்தாலும் ரத்தம் பார்க்கவேண்டும் என்றார். அன்றைக்கு ரத்தம் எடுக்கிறவர்கள் போய்விட்டார்கள், அடுத்த முறை வரும்போது எடுப்போம், வரும்போது அந்த விறகில் ஒரு துண்டும் கொண்டுவா என்றார். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பாக்கியம் கேட்டாள். தாயின் ரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போகும், ஈயம் அதிகமானால் பிள்ளையின் மூளை வளர்ச்சி மந்தமாகலாம், ஆகாமலும் இருக்கலாம், பொய் சொல்லி உங்களைத் தேற்றமாட்டேன் என்றார் டாக்டர். அந்த நேர்மைக்காக அவரை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் தங்காமல் போன இரண்டும் இதனாலா என்று பாக்கியம் கேட்டாள். தெரியாது என்றார். பாக்கியம் எழுந்து சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

எனக்கு ட்ரிப் ஏற்ற ஆரம்பித்தார்கள். கையில் ஊசி, பக்கத்தில் பாட்டில், கட்டிலுக்கடியில் பெரிய ஜாடி. ஒரு சொட்டு மூத்திரத்தைக்கூட வெளியில் விடக்கூடாது, எல்லாம் அந்த ஜாடியில்தான். சிறுநீரகம் மருந்தைத் தாங்குகிறதா என்று தினமும் பார்த்தார்கள். எவ்வளவு கப்பல் வெளியே வந்தது என்று காதர் பாய் விசாரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ட்ரிப் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, என் உடம்பில் இருப்பதை இழுக்க மருந்து இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் லயத்தில் நடந்ததைச் சேகர் வந்து சொன்னான். பாக்கியம் வீட்டுக்குப் போனதும் விறகை எட்டத்தில் தள்ளப் பின்பக்கம் போயிருக்கிறாள். அங்கே விறகு அடுக்கைக் காணோம். அடுத்த வாரம் அவளுக்கு வளைகாப்பு. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பாவம், நாமே எல்லாம் செய்வோம் என்று பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா விறகையெல்லாம் தூக்கி, நாலைந்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வகை சோறு ஆக்குவதாக ஏற்பாடு. பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், இந்த விறகில் விஷம் இருக்கிறது, அடுப்பில் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். நம்பவில்லை. இத்தனை வருஷம் எரித்தோமே என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் பேச்சு மாறிவிட்டது என்றும் ஒருத்தி சொன்னாளாம்.

பாக்கியம் அஞ்சலையக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னதைச் சேகர் அப்படியே என்னிடம் சொன்னான்: "எனக்கு ரெண்டு போயிருச்சுக்கா. ஏன் போச்சுன்னு டாக்டருக்கும் தெரியல. இதுவும் போயிருமோன்னு பயந்துதான் சொல்றேன். ஒங்க வூட்டுலயும் புள்ளைங்க இருக்குலா."

அஞ்சலையக்கா உள்ளே போய் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். அவர் வீட்டு விறகு முதலில் வெளியே வந்தது, பிறகு மற்ற வீடுகளிலிருந்தும் வந்தது. சேகரும் இன்னும் இருவரும் ஈரச்சாக்கைப் போட்டு மூடித் தூக்கிப்போய், கிணற்றுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் எட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். வளைகாப்புச் சோறு மண்ணெண்ணெய் அடுப்புகளில் வெந்தது. லயத்திலிருந்த அத்தனை அடுப்பையும் வரிசையாக எங்கள் வாசலில் வைத்திருந்தார்களாம்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் வார்டில் படுத்திருந்தபோது நடையில் வளையல் சத்தம் கேட்டது. பாக்கியம் வருகிறாள் என்று காதர் பாய்தான் முதலில் சொன்னார். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். தூக்கில் எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும். ஒரு பழந்துணியில் சுற்றிக் கட்டிய விறகுத் துண்டு. ரத்தம் எடுக்க வந்த மிஸ்ஸி வளையலைப் பார்த்துவிட்டு, கழற்றக்கூடாது என்று தனக்கும் தெரியும் என்றார், அவரும் தமிழ்ப்பெண். ஒவ்வொரு வளையலாக மணிக்கட்டுப் பக்கம் தள்ளி, ஒன்றையும் உடைக்காமல் முழங்கை மடிப்பில் இடம் பண்ணி ஊசி போட்டார். அந்தக் கை நீண்டிருந்ததையும் வளையல்கள் மணிக்கட்டில் குவிந்திருந்ததையும் நான் மறக்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பிட முடிந்தது. பல நாள் கழித்து முதல் தடவையாக அவள் கொண்டுவந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பதில் வர நாளாயிற்று. வந்தபோது, என்னுடையதில் பாதிகூட இல்லை, ஆனால் இருக்கவேண்டியதைவிட அதிகம். விறகுத் துண்டின் பெயிண்டிலும் ஈயம் இருந்தது. பிள்ளை வயிற்றில் இருப்பதால் எனக்கு ஏற்றிய மருந்தை அவளுக்கு ஏற்ற முடியாது. இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பால் குடி, நெத்திலி சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரை போடு, அடுப்பை இடித்து வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவு, மற்றதைப் பொறுத்திருந்து பார்ப்போம் என்றார் டாக்டர். அதில் நாங்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டோம். பொறுத்திருப்பதுதான் வரவில்லை.

டாக்டர் ரொஹானி சொல்லியனுப்பி, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஒருவர் வார்டுக்கு வந்தார். இளைஞர், சீனர், மலாயில் நிதானமாகப் பேசினார். தவுக்கேமேல் புகார் எழுதத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முதலில் மழுப்பினேன். அவர் கேட்டது வேறு. கப்பலில் எங்கே என்ன இருக்கும் என்று முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சொல்லுங்கள், நான் பார்க்கப் போகும்போது கப்பல் பாதி போயிருக்கும் என்றார். வாயால் சொல்லி அவருக்கு விளங்கவைக்க முடியவில்லை. அதனால் கட்டிலையே கப்பலாக்கினேன். தலையணை முன்பக்கம். போர்வையைச் சுருட்டி வைத்தது இன்ஜின் அறை. தண்ணீர்க் குவளை புகைபோக்கி. காதர் பாய் தன் தலையணையையும் தந்தார், கப்பல் நீளமாயிற்று.

எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அது என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்த பஞ்சு மாதிரி இருக்கும், கையால் பிய்த்துப் போடுவோம், இலவம்பஞ்சு மாதிரி பறக்கும் என்றேன். அது கல்நார், இன்றைக்கு ஒன்றும் செய்யாது, வருஷங்கள் கழித்து நுரையீரலைப் பிடிக்கும் என்றார். அடித்தொட்டியில் எண்ணெய் மிச்சம் கிடக்கும், வாடை வரும் என்றேன். மூடிக்கிடந்த தொட்டியில் நெருப்பைக் காட்டினால் வெடிக்கும் என்றார். மீன் உறையவைக்கிற அறையில் குழாயை அறுத்தால் கண் எரியும் என்றேன். அங்கே ஒரு வாயு, மூச்சையே அடைத்துவிடும் என்றார். பெயிண்ட் எல்லா இடத்திலும், மேலே வெள்ளை, அதற்கடியில் பச்சை, கடைசியில் அந்தச் சிவப்பு. பேசப் பேச எனக்கே பயம் வந்தது. ஒவ்வொரு நாளும் இதற்குள்தானே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

இதையெல்லாம் முதல் வெட்டுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும், வெட்ட ஆரம்பித்தபிறகு கண்டுபிடிப்பது ஆஸ்பத்திரியில்தான் முடியும் என்றார். எனக்குப் பால்மரம் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் நோய் விழுந்த மரத்துக்கும் ஓய்வு விட்ட மரத்துக்கும் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் முன்கூட்டியே போய்ப் பெயிண்டால் குறி போட்டுவிடுவார். குறி போட்ட மரத்தில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள், படிக்கத் தெரியாதவனுக்கும் அது தெரியும். "கப்பலுக்கும் அப்படிக் குறி போட்டா என்னா?" என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் என் தலையணையைப் பார்த்தார். யார் போடுவது என்றார். என் கை அப்போதும் நேராக நிற்கவில்லை. இருந்தாலும் நான் போடுகிறேன் என்றேன்.

முதல் சுற்று ட்ரிப் முடிந்து, இடைவெளி விட்டு இன்னொரு சுற்றும் முடிந்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். காதர் பாய் எனக்கு முன்னாலேயே போய்விட்டார், இரண்டு கால்விரலை விட்டுக்கொடுத்துக் காலைக் காப்பாற்றிக்கொண்டு. போகும்போது, ஆயர் தாவார் பக்கம் வந்தால் கடைக்கு வாங்க, கப்பல் மட்டும் கிடைக்காது என்றார். நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு இருந்த மூலை கழுவிக் காய்ந்திருந்தது. பின்பக்கம் வெறும் தரை. மாடத்தில் இரண்டு பிரஷ்.

அடுத்த கப்பல் சேற்றில் ஏறியபோது தவுக்கே என்னைக் கூப்பிட்டனுப்பினார். இன்ஸ்பெக்டர் வந்து போயிருந்தார். தவுக்கே முணுமுணுத்தார், இப்படி ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கப்பல் தானாகவே துருப்பிடித்து முடிந்துவிடும் என்றார். பேசிக்கொண்டே எனக்குக் கோப்பி வரவழைத்தார். நான் இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக் குடித்ததைப் பார்த்தார். பிறகு, நாளைக்கே ஏறிப் பார் என்றார்.

யாரும் கட்டரைக் கொண்டுவருவதற்கு முன் நானும் சேகரும் ஏறினோம். அவன் கையில் டார்ச்சும் சுரண்டியும், என் கையில் குறி போடச் சாக்குக்கட்டி. பெயிண்டைச் சுரண்டி அடியில் சிவப்பு தெரிந்தால் ஒரு வட்டம். அங்கே ஈரமாக்கி அகலமாகச் சுரண்டிய பிறகுதான் நெருப்பு. வெள்ளைப் பஞ்சு சுற்றிய குழாய்க்குப் பெருக்கல் குறி. அதற்கென்று உடுப்பு போட்ட ஆட்கள் வரும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டிகளுக்கு வேறு குறி. பெயிண்ட் அடித்த பலகை ஒன்றும் சைக்கிளில் ஏறக்கூடாது. எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இருட்டினபிறகு பலகை தூக்கிப் போனவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் பாக்கியம் போவாள், நான் போவதைவிட அதற்குப் பலன் இருந்தது.

மகள் பிறந்தாள். மலர் என்று பெயர் வைத்தோம். எடை கொஞ்சம் குறைவு, அழுகை கொஞ்சமும் குறைவில்லை. அதற்குப் பிறகுதான் உண்மையான காத்திருப்பு தொடங்கியது. மற்ற வீடுகளில் பிள்ளை குப்புற விழுந்தால் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் ஒரு கண்டத்தைத் தாண்டினவர்கள் மாதிரி மூச்சு விடுவோம். பக்கத்துப் பிள்ளை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பாக்கியம் சாப்பிடமாட்டாள். மலர் பேசத் தாமதமானது. பெண்பிள்ளை சீக்கிரம் பேசுமே என்று யாராவது சும்மா சொன்னால்கூட, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். அவ்வப்போது ஈப்போவுக்குக் கொண்டுபோய் டாக்டர் ரொஹானியிடம் காட்டுவோம். ரத்தத்தில் ஈயம் குறைந்துகொண்டே வந்தது. மூளையைப் பற்றி மட்டும், இன்னும் கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம் என்பார்.

அவளுக்கு மூன்று வயது முடிந்தபிறகு ஒரு தடவை போனோம். டாக்டர் மேஜையில் மரக்கட்டைகளைக் கொட்டினார், சிவப்பு, நீலம், மஞ்சள். எல்லாம் நல்ல பெயிண்ட், பயப்படாதீர்கள் என்று எங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அடுக்கச் சொன்னார், மலர் அடுக்கினாள். நிறம் கேட்டார், சொன்னாள். எங்கள் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து மெதுவாக வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

நானும் பாக்கியமும் ஒன்றாக எழுந்துவிட்டோம். நாற்காலி ஒன்று சாய்ந்தது. மலர் உதட்டுக்குப் பக்கத்திலேயே கட்டையை நிறுத்தி, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நா ஒன்னும் திங்கல. அப்பாதான் கப்பலத் தின்னவரு," என்றாள். இறங்கி வந்து கட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்கப்பா, பசியாறுங்க."

பக்கத்திலிருந்த தமிழ் மிஸ்ஸி சிரித்துக்கொண்டே அதை டாக்டருக்கு மலாயில் சொன்னார். டாக்டர் ரொஹானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இப்படிக் கிண்டல் பண்ணுகிற பிள்ளைக்கு நான் பார்க்க ஒன்றுமில்லை, இனி இங்கே கொண்டுவர வேண்டாம் என்றார். பாக்கியம் நின்ற இடத்திலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு போனபோதும், டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோதும் என் முன்னால் அழாதவள்.

மலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் தின்னட்டும் என்று. நான் வாயை அகலமாகத் திறந்து கட்டையை மேலே தூக்கினேன். கை நேராக நின்றது. முந்தானையை விலக்காமலே பாக்கியம் கையை நீட்டி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.